54 நமஸ்காரம், 108 குனிதல்: ஒரு கணக்கரின் இடுப்புவலி

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒருமுறை, டீக்கு இரண்டுமுறை எழுவார். வீட்டிலிருந்து அலுவலகம் 14 கி.மீ.; பைக்கில் போய்வருகிறார். கார்த்திகையில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 142/90. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உப்பைக் குறைத்து தினமும் ஏதாவது உடற்பயிற்சி செய்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று குடும்ப மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு முன் இடுப்புவலி என்று படுத்தவர் இல்லை.

அதே தெருவில் 11 பேர் சேர்ந்து மார்கழி முதல் தேதியிலிருந்து மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் தொடங்கினார்கள். ரதசப்தமியன்று 108 செய்வது இலக்கு. ஆசிரியர் கிடையாது, செல்போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்து வீடியோவைப் பார்த்துச் செய்தார்கள். மாடிப்படிச் சுவரில் சாக்பீஸால் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்றைய எண்ணிக்கையை எழுதுவது வழக்கமானது. முதல் வாரம் 12, அடுத்து 24, பிறகு 36, நான்காம் வாரம் 54.

நேரம் காலை 5.10. இவர் எழுவது 4.50க்கு. இடையில் ஒரு காபி.

சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளில் மூன்றாவதும் பத்தாவதும் பாதஹஸ்தாசனம், அதாவது முன்னால் குனிந்து கையைத் தரையில் ஊன்றுவது. ஒரு நமஸ்காரத்துக்கு இரண்டு குனிதல். ஆக, சுவரில் 54 என்று எழுதிய நாளிலேயே இவர் இடுப்பு 108 முறை குனிந்து நிமிர்ந்திருக்கிறது, அதுவும் 25 நிமிடத்துக்குள். இந்தக் கணக்கு யாருக்கும் அப்போது தோன்றவில்லை. கணக்கருக்கும்தான்.

வலி வந்த விதம்

நான்காம் வாரத்தில் இடது பிட்டத்தின் உள்ளே ஆழமாக ஒரு வலி. தொட்டுக் காட்டச் சொன்னால் விரலுக்கு அகப்படாத வலி. புதிதாக வேலை செய்யும் தசை வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். சில நாளில் பைக்கில் போகும்போது கெண்டைக்காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு சேர்ந்தது. 31ஆம் நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினில் குனிந்தபடியே தும்மினார். பிட்டத்திலிருந்து கால் பெருவிரல்வரை கரண்ட் அடித்தது போலச் சுரீரென்று இறங்கியது.

அதற்குப் பிறகும் நான்கு நாள் பயிற்சி நிற்கவில்லை. "உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போகுதுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். நரம்பு இழுத்துப் பிடித்திருக்கிறது, நன்றாக நீட்டிவிட்டால் சரியாகும் என்று, காலை நீட்டி உட்கார்ந்து குனியும் பஸ்சிமோத்தாசனத்தையும், மல்லாந்து காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்தையும் இவரே கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். ஏற்கெனவே அழுத்தம் விழுந்த இடத்தையே இரண்டும் மறுபடி மடக்குபவை. 35ஆம் நாள் இடது காலுக்கு சாக்ஸ் போட முடியவில்லை, மனைவி போட்டுவிட்டார். மறுநாள் ஊரில் வகுப்பு நடத்தும் யோகா ஆசிரியர் ஒருவரிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

ஆசிரியர் ஆசனம் எதையும் செய்யச் சொல்லவில்லை. சிறுநீர் கழிப்பதில் தடையோ கசிவோ உண்டா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, இரண்டு காலிலும் வலி இறங்குகிறதா, செருப்பு தானாகக் கழன்றுபோகிறதா, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, புற்றுநோய் முன்வரலாறு ஏதாவது உண்டா என்று கேட்டார். முதல் இரண்டில் எதற்காவது "ஆமாம்" என்று பதில் வந்திருந்தால் அன்றிரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அறிகுறி அது. எதுவும் இல்லை.

பிறகு ஒரு மாப் கம்பைக் கொண்டுவந்து முதுகோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். கம்பு பின்மண்டையிலும், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், வாலெலும்புக்கு மேலே உள்ள தட்டையான எலும்பிலும் தொட வேண்டும். மூன்று இடமும் விலகாமல், வலி வரும்வரை மட்டும், மெதுவாகக் குனிய வேண்டும். 20 டிகிரிகூட இருக்காது, கீழே உள்ள தொடுபுள்ளி கம்பைவிட்டு விலகிவிட்டது. இடுப்பு மூட்டு மடங்கவே இல்லை. இடுப்பெலும்பு அப்படியே நிற்க, கீழ்முதுகு மட்டும் வில்லாக வளைந்தது.

"நெத்தி முட்டியத் தொட்டுருச்சுங்க மாஸ்டர். அதனால சரியாத்தான் பண்றேன்னு நெனச்சேன்" என்றார் அவர். நெற்றி தொட்டது உண்மைதான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்குப் பின்தொடைத் தசை இறுகியிருக்கும். அது இடுப்பெலும்பின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், முட்டியை மடக்காமல் குனிந்தால் மீதித் தூரத்தை முதுகுதான் தந்தாக வேண்டும்.

அன்று மாலையே எலும்பு மருத்துவரைப் பார்த்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் இடது காலைத் தூக்கியபோது 35 டிகிரியில் கால் முழுக்க வலி இறங்கியது. பெருவிரலை மேலே தூக்கும் பலம் வலதைவிடச் சற்றுக் குறைவு. புறங்காலில் தொடு உணர்ச்சி மந்தம். கணுக்கால் அனிச்சைத் துடிப்பு (ரிஃப்ளெக்ஸ்) சரியாக இருந்தது. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கி ஐந்தாம் இடுப்பு நரம்பை உறுத்தும் சயாட்டிகா என்பது மருத்துவரின் முடிவு. எம்.ஆர்.ஐ. உடனே எடுக்கவில்லை. பெருவிரல் பலம் மேலும் குறைந்தாலோ ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ எடுக்கலாம் என்றார். ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை, வாரம் ஒருமுறை இயன்முறை மருத்துவரிடம் பெருவிரல் பலச் சோதனை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, படுக்கை ஓய்வு இல்லை. நாள்கணக்கில் படுத்திருப்பது இவ்வகை வலியைச் சீக்கிரம் ஆற்றுவதில்லை, தசையைத்தான் பலவீனமாக்கும். நிறுத்தியது முன்குனியும் ஆசனங்களை மட்டும், ஆறு வாரத்துக்கு. கபாலபாதியும் நிறுத்தப்பட்டது, வயிற்றை அடித்து மூச்சை வெளியேற்றும் ஒவ்வொரு உதையும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். தும்மலுக்கே பெருவிரல்வரை ஓடிய வலிக்கு அது ஆகாது.

இரண்டாவது, நேரம். இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. விடிகாலையில் மனிதர் மாலையைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருப்பது இதனால்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்தக் கூடுதல் உயரத்தில் பாதி போய்விடுகிறது. உப்பிய நிலையில் குனிந்தால் ஜவ்வின் பின்பக்கத்தில் விழும் இழுவிசை பிற்பகலில் விழுவதைவிடப் பல மடங்கு. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் காலையில் முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவர் எழுந்த இருபதாவது நிமிடத்தில் குனியத் தொடங்கியவர். ஆகவே காலையில் முதலில் நடை மட்டும், பயிற்சி 6.30க்குப் பிறகு என்று மாற்றினார்கள். விடியுமுன் செய்தால்தான் பலன் என்று அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. சூரிய நமஸ்காரம் சூரியன் வந்த பிறகு செய்வதில் தவறென்ன என்று ஆசிரியர் கேட்டதும் சிரித்து ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது முடிவில் ஆசிரியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் கருத்து வேறுபட்டது. மல்லாக்கப் படுத்து, பாதத்தில் பெல்ட் மாட்டி, காலை நேராக மேலே இழுக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனத்தை உடனே தொடங்கலாம், பின்தொடை இளகினால் இடுப்பு விடுபடும் என்பது ஆசிரியர் எண்ணம். இயன்முறை மருத்துவர் மறுத்தார். கால் மேலே நிற்கும்போது பாதத்தைத் தன் பக்கம் மடக்கச் சொன்னார், வலி கூடியது. தலையைத் தூக்கச் சொன்னார், இன்னும் கூடியது. கழுத்தை அசைத்தால் பின்தொடைத் தசையின் நீளம் மாறாது. இழுபடுவது நரம்பு. வீங்கிய நரம்பின் இழுப்பும் தசை இறுக்கமும் செய்பவருக்கு ஒரேமாதிரிதான் தெரியும். இவர் ஹலாசனத்தைச் சேர்த்துக்கொண்ட தவறும் இங்கே பிறந்ததுதான். பெல்ட் ஆறு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

நான்காவது, ஆசனம் இல்லாத நேரத்துக்கான விதிகள். காலையில் தரையில் சம்மணமிட்டு நாளிதழ் மீது கவிழ்ந்து படிப்பதை நிறுத்தி மேசைக்கு மாற்றுவது. தண்ணீர் கேனைத் தூக்காமல் இருப்பது. ஆறு வாரத்துக்கு மேற்கத்தியக் கழிப்பறை. தும்மல் வந்தால் நிமிர்ந்து நின்று ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வது. படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையால் தள்ளி எழுவது. சாக்ஸைப் படுத்துக்கொண்டே காலை மடக்கிப் போடுவது.

முதல் பத்து நாட்கள்

இனி வரும் நாள், வாரக் கணக்கெல்லாம் ஆசிரியரைச் சந்தித்ததிலிருந்து. பயிற்சி சிறியது. மகராசனத்தில், அதாவது குப்புறப் படுத்துக் கைமேல் நெற்றி வைத்து, 2 நிமிடம். பிறகு முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்கும் அரைப் புஜங்காசனம் 30 வினாடி; இடுப்பு தரையைவிட்டு எழக்கூடாது, பிட்டத்தை இறுக்கக்கூடாது. இப்படி 5 சுற்று, நாளுக்கு மூன்று வேளை. முடிவில் மல்லாந்து, கெண்டைக்கால்களை நாற்காலி இருக்கைமேல் வைத்துச் சவாசனம். அப்போது 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விடுவது, நிமிடத்துக்கு 6 மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சை அடக்குவது கிடையாது. நடை 8 நிமிடம், மூன்று தடவை.

எதைப் பார்த்து முன்னேறுவது என்பதற்கு ஒரே விதி: வலி எந்த இடம்வரை இறங்குகிறது. அளவு எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம். வலி பாதத்திலிருந்து மேலே ஏறி முதுகில் வந்து கூடினால், முதுகு முன்னைவிட அதிகமாக வலித்தாலும் நல்லது. கீழே இறங்கினால், வலி லேசாக இருந்தாலும் அந்தப் பயிற்சி நிறுத்தப்படும். 40 பக்க நோட்டில் இவர் பாதம் 4, கெண்டைக்கால் 3, தொடை 2, பிட்டம் 1, முதுகு 0 என்று எழுதினார். பக்கத்தில், தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்று ஒரு பத்தி. கணக்கெழுதும் ஆள் என்பதால் ஒருநாளும் விடவில்லை.

முதல் இரண்டு நாள் 4. மூன்றாம் நாள் காலை 3க்கு வந்தது. உற்சாகத்தில் முழங்கையை நிமிர்த்தி முழுப் புஜங்காசனத்துக்குப் போனார். மாலையில் மறுபடி 4. ஆறாம் நாள் 3, ஒன்பதாம் நாள் 2. அன்று முதுகில் வலி கூடியிருந்ததால் பயந்து போன் செய்தார்.

"வலி எதுவரைக்கும் இறங்குதுங்க?"

"தொடையோட நின்னுருச்சுங்க மாஸ்டர். ஆனா இடுப்புல முன்னவிட நெறைய இருக்குது."

"அது போதுங்க. அப்படியே பண்ணுங்க."

பத்தாம் நாள் ரதசப்தமி. மாடியில் மற்றவர்கள் 108க்கு முயன்றார்கள்; ஆறு பேர் முடித்தார்கள். இவர் போனார், தாடாசனத்தில் நின்று மூச்சை மட்டும் கவனித்துவிட்டுச் சுவரில் தன் பெயருக்கு எதிரே 0 எழுதினார்.

மூன்றாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை

பூனைபோல நான்கு காலில் நிற்கும் மார்ஜாரி ஆசனத்தில் முதுகை மேலே வளைக்கும் பாதி நீக்கப்பட்டது. நேர்முதுகிலிருந்து குழிவதுவரை மட்டும், 8 முறை. அதே நிலையில் ஒரு கையும் எதிர்க்காலும் நீட்டி 8 வினாடி, பக்கத்துக்கு 5. இடுப்பின்மேல் வைத்த தம்ளர் தண்ணீர் சிந்தக்கூடாது. மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம் 10 வினாடி, 6 முறை. சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம். பெருவிரல் பலம் எட்டாம் வாரத்தில் வலதுக்குச் சமமாகிவிட்டதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே இல்லை.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு மாப் கம்பு திரும்ப வந்தது. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, முதுகைச் சுவருக்குக் காட்டி நின்று, முட்டியைச் சற்று மடக்கி, பிட்டத்தால் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் அரை அடி முன்னே நகர்ந்து மறுபடி. கம்பின் மூன்று தொடுபுள்ளியும் விலகாமல் இருக்கும்வரைதான் குனிவு. குனி என்று சொன்னால் தலையைக் கீழே கொண்டுபோகிறவர், பிட்டத்தைப் பின்னால் தள்ளு என்றதும் சரியாகச் செய்தார். இந்த ஒரு சொல் மாற்றத்துக்குப் பத்து நிமிட விளக்கத்தைவிட அதிகப் பயன் இருந்தது. நோட்டில் தொடர்ந்து 0, எப்போதாவது 1.

பின்னடைவு

பத்தாம் வாரம் மார்ச் மாதக் கடைசி. ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஆறு நாள் இரவு பதினொரு மணிவரை அலுவலகம். நான்காம் நாள் வலி மறுபடி தொடைவரை இறங்கியது, நோட்டில் 2. சுவர் பயிற்சிதான் காரணம் என்று சொல்லி அவர் அதை நிறுத்திவிட்டார், வலி குறையவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. முந்தைய வாரங்களில் தொடர்ச்சியாக உட்கார்ந்த நேரம் 40, 35, 45 நிமிடம். அந்த வாரம் 170, 190, 160.

நாற்காலியைப் பற்றி அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார்கள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் பஞ்சு தட்டிப்போன ஒரு மெத்தை. உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்து, கீழ்முதுகு பின்னால் பிதுங்கும். மாடியில் 25 நிமிடம் செய்த அதே வளைவு, இங்கே பத்து மணி நேரம். இருக்கையில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கெட்டியாக மடித்த பெட்ஷீட், இடுப்புக் குழிவில் சுருட்டிய துண்டு, மானிட்டருக்கு அடியில் மூன்று பழைய லெட்ஜர். செல்போனில் 30 நிமிடத்துக்கு ஒரு அலாரம்; அடித்தால் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து ஐந்துமுறை மெல்லப் பின்னால் சாய்வது, ஒரு நிமிடம் நடப்பது. போன் பேச்செல்லாம் நின்றுகொண்டு. ஆறு நாளில் 0க்குத் திரும்பினார்.

பதினாறாம் வாரத்தில்

கால் 70 டிகிரிவரை வலியில்லாமல் உயர்கிறது. பெருவிரலின் அடியில் சிறு இடத்தில் மந்த உணர்வு இன்னும் இருக்கிறது. 45 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு இறுகுகிறது. எடை 77.5 கிலோ, ரத்த அழுத்தம் 132/84. இதில் உப்புக் குறைப்புக்கும் நடைக்கும் மெதுவான மூச்சுக்கும் எது எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை.

சூரிய நமஸ்காரம் 12ஆம் வாரத்தில் திரும்பியது, 6 நமஸ்காரத்தோடு. பாதஹஸ்தாசனத்தில் கை தரைக்குப் போவதில்லை. இரண்டு பக்கமும் வைத்த முக்காலிகளில் ஊன்றுகிறார், முட்டி மடங்கியிருக்கும். அஷ்டாங்க நமஸ்காரத்துக்குப் பதில் முட்டியை வைத்து முழுதாகக் குப்புறப் படுத்து, அங்கிருந்து அரைப் புஜங்காசனம். ஒரு நமஸ்காரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். உச்சவரம்பு 12. அதற்குமுன் பத்து நிமிடம் உடலைத் தளர்த்தும் அசைவுகள். ஆயுஷ் அமைச்சகத்தின் 45 நிமிடப் பொது யோகப் பயிற்சி முறையிலும் ஆசனங்களுக்கு முன்னால் இது இருக்கிறது. மாடிக் குழு நேரமில்லை என்று விட்டது அதைத்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இவ்வகை சயாட்டிகாவில் பெரும்பாலானவை ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அறுவை இல்லாமலே தணிகின்றன. ஆகவே இந்த ஆசன வரிசைதான் குணமாக்கியது என்று இந்த ஒரு நிகழ்வை வைத்து யாரும் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, முழுப் புஜங்காசனத்துக்குத் தாவிய நாளிலும் மார்ச் கடைசியிலும் வலி கீழே இறங்கியது, காரணத்தை நீக்கியதும் மேலேறியது என்பதுதான்.

நாற்காலியைப் பத்தாம் வாரத்தில் கேட்டது ஆசிரியரின் பிழை. வந்த அன்றே காலை எழுவதிலிருந்து இரவு படுப்பதுவரை எந்தெந்த நிலையில் எவ்வளவு நேரம் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். தொடர்ச்சியாக உட்கார்ந்த நிமிடங்களை நோட்டில் எழுதவைத்துவிட்டு ஒன்பது வாரம் யாரும் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. ஆசிரியர் ஒரு தாளும் இயன்முறை மருத்துவர் ஒரு தாளுமாகப் பயிற்சி எழுதிக் கொடுத்ததில் முதல் வாரம் அவர் குழம்பினார். ஒரே தாளாக இருந்திருக்கலாம். பிட்டத்தில் ஆழமான வலி தொடங்கிய நாளிலேயே குனிவதை நிறுத்தியிருந்தால் இத்தனை வாரம் ஆகியிருக்காது என்பது இயன்முறை மருத்துவரின் கணிப்பு. அதை நிரூபிக்க முடியாது, ஆனால் நியாயமான கணிப்பு.

மாடிக் குழு தொடர்கிறது. நேரத்தை 6.30க்கு மாற்றியதில் மில் ஷிப்டுக்குப் போகும் நான்கு பேர் விலகிவிட்டார்கள். அவர்களுக்கு மாலையில் ஒரு நேரம் இன்னும் அமையவில்லை. சுவரில் சாக்பீஸ் எண்கள் இப்போதும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்: முதலாவது நமஸ்காரம், இரண்டாவது முந்தைய நாள் எழாமல் உட்கார்ந்த அதிகபட்ச நிமிடம். இவர் பெயருக்கு எதிரே கடைசியாக எழுதியிருப்பது 12, 50.